அடுப்பில் போன அட்டை

“...வேற என்ன செய்யச் சொல்றீங்க தம்பி? போலீசைக் கூட்டிட்டு வருவேன்னு இவன் வந்து நிக்கிறான். சொல்லிக் குடுத்து அனுப்புனது சங்கத்துத் தம்பிதான்னும் சொல்றான். வர்றவன் கையில சிக்குனா என் கதை முடிஞ்சுது லா. அதான் அடுப்புல போட்டேன். அப்பளம் மாதிரி சுருண்டுகிட்டே போச்சு.”

மளிகைக்கடை காசிம் நானா இதைச் சொன்னபோது, கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் நானும் எனக்கு ஓரடி பின்னால் சடையனும் நின்றுகொண்டிருந்தோம். எரிந்துபோனது சடையனுடைய அடையாள அட்டை. சொல்லிக் கொடுத்து அனுப்பியது நான்.

கடன்பட்டு வருகிறவர்களுக்கு யோசனை சொல்லும் இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் தொழிற்சங்கத்தில் கேட்டார்கள். தவணை பிரிப்பது, வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன். எனக்குப் பாடம் நடத்தியது ஜனங்களின் வாய்தான். யாராவது மனசில் தைக்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசிவிட்டால் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, சந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டுதான் மேலே போவேன். அந்தப் பேச்சுகளில் சில என் தலையில் குட்டியவை. நானா சொன்ன அப்பளத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்காமலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்து மலாயா எமர்ஜென்சி என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது வேலி, லோரி, அட்டை. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் ஆளும் போய்விடக் கூடாது என்று, ஒதுக்குப்புற லயங்களின் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து முள்வேலிக்குள் வைத்தார்கள். வேலிக்கு ஒரே கேட்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது மடியில் சோறு கட்டக்கூடாது. சாலையில் இறங்கினால் எந்த இடத்திலும் நிறுத்தி அட்டையைக் கேட்பார்கள். அட்டை இல்லாதவனை லோரியில் ஏற்றினால் எந்த முகாமில் இறக்குவார்கள் என்று வீட்டுக்குத் தெரியாது. இந்தியாவில் பிறந்தவன் என்றால் கப்பல் ஏற்றியும் அனுப்பிவிடலாம். சடையன் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். எதைச் சொல்வதானாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வான். அடி வாங்கும்போதும் சிரிப்பான், அதனால் இரண்டு அடி கூட விழும்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் நடுவில் இருந்தது. அந்த வருஷம் மழை விடவில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. இரண்டு மாதம் நானாவின் கடையில் பற்று ஏறிக்கொண்டே போய், சடையன் வீட்டுக் கடன் எண்பத்தேழு வெள்ளியில் வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் அவன் இருந்த வெளிப்பிரிவு லயத்து ஆட்களை எல்லாம் வேலிக்குள் மாற்றப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. நானா ஈடு கேட்டார். வீட்டில் இருந்த நகை ஏற்கெனவே அடகுக்கடையில் இருந்தது. சடையன் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டான். இரண்டு வாரம் சாலைப் பக்கம் போகாமல் இருந்துவிட்டால் போதும், மாறும் நாளுக்குள் அட்டை திரும்பிவிடும் என்று அவன் கணக்கு.

செவ்வாய்க்கிழமை சங்கத்து வேலையாகப் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது அவன் வந்தான். எவ்வளவு கடன், மாதம் எவ்வளவு வரும், வேறு எங்கே கொடுக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன். அவனும் சொன்னான். எல்லாம் முடிந்து எழுந்தவன், வாசல்வரை போய்த் திரும்பி, சிரித்துக்கொண்டே, “அட்டை நானாகிட்ட இருக்குது” என்றான்.

பிள்ளைகளே, ஜனங்கள் முக்கியமானதை எழுந்து போகும்போதுதான் சொல்வார்கள். எவ்வளவு கடன் என்று கேட்பதற்கு முன்னால், எதைக் கொடுத்துவிட்டு வந்தாய் என்று கேளுங்கள். இன்றைக்கு உங்களிடம் வருகிறவர்கள் பேங்க் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் வட்டிக்காரன் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அன்றைக்கு இவன் செய்ததும் அதேதான்.

எனக்கோ அப்போது உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்தவர் அட்டையை வைத்திருப்பது குற்றம் என்று தபால் நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். படித்ததைக் காட்ட ஓர் இடம் கிடைத்தது.

“நீ ஏன்டா கெஞ்சற? நாளைக்குப் போயி, அட்டையைக் குடு, இல்லேன்னா போலீசோட வர்றேன்னு சொல்லு. அட்டையும் வரும், கடனும் பாதி கரைஞ்சிடும்” என்றேன்.

“நீயும் கூட வர்றியா?”

“நான் எதுக்கு? சட்டம் உன் பக்கம்டா.”

இப்படிச் சொன்ன நான் போலீஸ் நிலையத்தைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிற ஆள். நான் செய்யத் துணியாத ஒன்றை அவன் வாயில் கொடுத்து அனுப்பினேன். அவன் புதன்கிழமை போய் ஒப்பித்தான். வியாழக்கிழமை மத்தியானம் ஓடிவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அப்போதுதான் நானா அப்பளத்தைப் பற்றிச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் லோரி வரும். வேலி வாசலில் பேர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் அட்டையாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் ஒரே ஒரு நாள்.

பிறகு சடையன் சிரித்தான். “காட்டுக்காரங்க புடுங்கிட்டாங்கன்னு சொல்லிடறேன்.”

நானாவின் முகம் தெளிந்தது. “அதைத்தான் நானும் நெனச்சேன். எத்தனை பேரு அட்டை அப்படிப் போயிருக்கு. உன்னுதும் போச்சு.”

நானும் தலையாட்டினேன். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. அந்தப் பொய்யில் என் பேர் எங்கேயும் வராது. அதனால்தான் அது எனக்கு நல்ல யோசனையாகத் தெரிந்தது. எந்தக் காட்டில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள் என்று லயத்துக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு தப்பை மறைக்க யோசனை சொல்லும்போது மூளை நன்றாகவே வேலை செய்கிறது.

சடையனின் மனைவி வீராயி லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரு கோழியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் மூட்டைகளின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்துச் சிரித்து விஷயத்தைச் சொல்லி முடித்தான். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை.

“எந்த மர நிரையில புடுங்கினாங்கன்னு சொல்லப்போற?”

“பத்தாம் நம்பர்ல. என் நிரையிலதான்.”

“உனக்குப் பக்கத்து நிரை வெட்டறது யாரு?”

“அங்கம்மாக்கா.”

“அப்ப அங்கம்மாக்காவைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. பார்க்கலைன்னு சொன்னா நீ பொய்யன். பார்த்தேன்னு சொன்னா, ஏன்டி அன்னைக்கே சொல்லலைன்னு அவளைப் புடிப்பாங்க. அப்புறம் இந்த லயம் பூரா நிக்கணும், ஒவ்வொருத்தரா. போன மாசம் அடுத்த தோட்டத்துல நின்னாங்களே, மழையில.” கோழியைக் கூடைக்குள் வைத்து மூடினாள். “உன் அட்டைக்கு அங்கம்மாக்கா வீட்டு ஆளை லோரியில ஏத்தணுமா? அண்ணே, இதைச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதானா?”

நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பின்ன என்னதான் செய்யறது?” என்றான் சடையன். “எரிச்சது நான்தான்னு நானா வந்து சொல்லுவாரா?”

“கேட்டியா?”

“கேட்டா வருவாரா என்ன?”

“வருவாரான்னு உன்னைக் கேக்கல. அவரைக் கேட்டியான்னு கேக்கறேன். ஒரு மனுசன் பயந்துபோயி அட்டையை அடுப்புல போட்டிருக்காரு. நீங்க ரெண்டு ஆம்பளைங்க அங்க நின்னுட்டு வந்திருக்கீங்க. எதுக்கு நானா பயந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நாங்கள் கேட்கவில்லை. கடன் கொடுத்தவருக்கும் பயம் இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர்களும் சொன்னதில்லை. லயத்து வாசலில் கோழி கட்டிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்.

மூன்று பேரும் கடைக்குப் போனோம். ஊரடங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீராயியைப் பார்த்ததும் நானா, “நீ வேற வந்துட்டியா தங்கச்சி? எல்லாரும் வரிசையா வந்து திட்டுங்க” என்றார்.

அவள் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். “நானா, சாப்பிட்டீங்களா?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நேத்திலேருந்து ரொட்டிதான். அந்த அடுப்பைப் பத்த வைக்க மனசு வரல.”

“எதுக்கு நானா அவ்வளவு பயம்? இவன் ஒருத்தன் போலீசுன்னு சொன்னதுக்கா?”

நானா எங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து பலகைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஆறு அட்டைகள் இருந்தன. எல்லாம் அந்த லயத்து ஆட்களுடையவை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தன் ஒருவனுக்குத்தான் இந்த நிலைமை என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“இவனுக்காக நான் ஸ்டேசனுக்குப் போனா கடையைத் துழாவ வருவாங்க. இதைப் பார்த்தா என்ன ஆகும்? அரிசி லைசென்ஸ் போகும், நானும் உள்ள போவேன். நாளைக்குச் சாயந்திரம் எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். அல்லா மேல ஆணையா.”

“எதுக்கு வாங்குனீங்க?”

“சனிக்கிழமை நீங்க எல்லாம் வேலிக்குள்ள போயிடுவீங்க. உள்ள கடை வைக்க வேற ஆளுக்கு லைசென்ஸ் குடுத்திருக்கு. என்னை கேட்டுல விட மாட்டான். நான் யார்கிட்டப் போயிக் கேக்கறது? எனக்குச் சரக்குக் கடன் குடுத்தவர் கோலசிலாங்கூர்ல உக்காந்திருக்காரு. அவருக்கு வேலியும் தெரியாது, கேட்டும் தெரியாது. ஊர்ல என் வீட்டுக்குக் காசு அனுப்பி நாலு மாசம் ஆச்சு.” தகரத்தின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏழு அட்டையையும் எரிச்சிடலாம்னுதான் எடுத்தேன். கையில முதல்ல வந்தது இவனோடது. படத்துல சிரிச்சுக்கிட்டு இருந்தான். சுருண்டு போகப் போகவும் சிரிச்சான். அதுக்கு மேல மத்ததுல கை வைக்க முடியல தங்கச்சி.”

சடையன் அன்றைக்கு ஒரே ஒரு முறை சிரிக்காமல் இருந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் நம்முடைய வேலை தொடங்குகிறது. அதற்கு முன்னால் நான் செய்ததெல்லாம் வாய்வீச்சு. இரண்டு பக்கமும் பயந்திருக்கிறார்கள். இவருக்குக் கடன் வராமல் போய்விடும் என்ற பயம், அவனுக்கு லோரியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். எந்தப் பயத்தை முதலில் இறக்கிவைப்பது? அவர் கையில் இருந்ததோ அவருக்கே ஆபத்து. அதனால் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

“நானா, இந்த ஆறையும் இப்பவே உரியவங்ககிட்டக் குடுத்துடுவோம். எந்த நிபந்தனையும் இல்லாம.”

“அப்ப என் கடன்?”

“வேலிக்குள்ள போக எனக்குப் பாஸ் இருக்கு. சங்கத்துச் சந்தா வாங்க ஒவ்வொரு சம்பள நாளும் நான் உள்ள இருப்பேன். வீட்டுக்கு நாலு வெள்ளி, முடியாத மாசம் ரெண்டு வெள்ளி. வாங்கி உங்க கையில கொண்டுவந்து குடுக்கறது என் பொறுப்பு. கோலசிலாங்கூர்க்காரருக்கும் நானே நேர்ல போயிச் சொல்றேன். இந்தத் தடவை ஆளனுப்ப மாட்டேன்.”

“ஏழு வீடும் ஒத்துக்கணுமே. வேலிக்கு அந்தப் பக்கம் போனதும் காசிம் யாருன்னு கேட்டா?”

வீராயிக்குக் கோபம் வந்தது. “மழையில எங்க பிள்ளைங்க தின்னது உங்க கடை அரிசி நானா. வேலிக்கு உள்ள போனா தின்னது இல்லேன்னு ஆயிடுமா? மத்த ஆறு வீட்டையும் நான் கேட்டு வர்றேன். அட்டையைக் கையில குடுத்துட்டுக் கேக்கறேன். நம்ம கையில வச்சுக்கிட்டுக் கேட்டா, அதுக்குப் பேரு கேக்கறது இல்ல.”

இந்தப் பேச்சைச் சந்தா நோட்டில் எழுதினேன். நீங்கள் மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நானா ஆறு அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, படத்தைப் பார்த்து, பேரைச் சொல்லி அவள் கையில் வைத்தார். “நாளைக்கு இவனோட ஸ்டேசனுக்கு வர்றீங்களா நானா?” என்று அவள் கேட்டாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள்” என்றார், அவ்வளவுதான். வீராயி ஒரு மணி நேரத்தில் லயத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள். ஆறு வீடும் சம்மதம் என்றாள். ஒரு கிழவி மட்டும் நானாவின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு, நாலு வெள்ளி என்ன, ஐந்தாகவே தருகிறேன், சீக்கிரம் அவன் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம் என்றாளாம். அதை நானாவிடம் அப்படியே சொன்னாள். நானா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமல் உங்களுக்கு மேலே படிக்க ஓடாது. சொல்லிவிடுகிறேன். சடையன் சனிக்கிழமை ஒரு தற்காலிகச் சீட்டோடு மனைவி, பிள்ளைகள், கோழியுடன் வேலிக்குள் போனான். நானாவுக்கு அபராதம் விழுந்தது. கடை சில வாரம் மூடிக் கிடந்தது. லைசென்ஸ் போகவில்லை. ஏழு வீட்டுக் கடனும் தீர இரண்டு வருஷம் ஆனது. அதில் ஒரு வீட்டுக்காரர் நடுவில் இறந்துபோனார். அவர் பாக்கியை மற்ற ஆறு வீட்டாரும் தாங்களாகவே பிரித்துப் போட்டார்கள். நான் கேட்கவில்லை. கோலசிலாங்கூர்க்காரர் என்னை மூன்று முறை வாசலில் உட்கார வைத்துவிட்டு நாலாவது முறை காப்பி கொடுத்தார்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் வெள்ளிக்கிழமை காலை. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, நானும் சடையனும் தோட்டத்து லோரியில் ஈஜோக் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டோம். வழியில் நானாவின் கடையைப் பார்த்தேன். பலகைகள் எல்லாம் போட்டுச் சாத்தியிருந்தது. அடுப்புப் புகை இல்லை. ஆள் ஓடிவிட்டார் என்று நினைத்தேன். சடையனும் அதைத்தான் நினைத்திருப்பான், ஆனால் என்னைத் திட்டவில்லை. “போலீசுன்னு சொல்லிக் குடுத்தது நான்தான்னு சொல்லிடறேன்டா” என்றேன். “உன்னையும் சேர்த்துப் புடிச்சா சந்தா யாரு வாங்கறது?” என்றான்.

நிலையத்துக்குள் நுழைந்தால், சுவரோரப் பெஞ்சின் கோடியில் நானா உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, தலையில் சொங்கோக் தொப்பி. முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்களோடு வந்தவராகத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாரா, இன்னும் முடிவு செய்யவில்லையா, எனக்குப் புரியவில்லை.

மேசையில் இருந்த போலீஸ் சார்ஜன் சடையனைக் கூப்பிட்டார். அவன் போய் மேசை விளிம்பில் கையை ஊன்றி நின்றான். அட்டை எங்கே என்று மலாயில் கேட்டார். சடையன் வழக்கம்போல முதலில் சிரித்தான். சார்ஜனின் முகம் இறுகியது. “என்ன சிரிப்பு? யாரிடம் கொடுத்தாய்?” என்று மறுபடி கேட்டார். சடையனுக்கு மேலும் சிரிப்புத்தான் வந்தது, கண்ணில் தண்ணீரோடு. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். நான் எழுந்தேன்.

அதற்குள் பெஞ்சு கிரீச்சிட்டது. நானா எழுந்து என்னைக் கடந்து மேசைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து, சடையனின் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.